ஆட்டுக் கொட்டகையில் நீலக்கல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். காரணம்? ஆட்டுக் கொட்டகைக்குள் நான் ஒளித்து வைத்திருந்த நீலக்கற்கள்.

பதற வேண்டாம். செலண்டாரில் நாங்கள் இருப்பது தாமானில் ஒரு வரிசை வீடு. ஆடு கிடையாது, கொட்டகையும் கிடையாது. நீலக்கல் வாங்கும் வசதி இருந்தால் நான் ஏன் வாரா வாரம் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்... எல்லாம் எங்கள் டிவி திரைக்குள் இருக்கும் ஒரு தீவில் நடந்த சங்கதி. வீடியோ கேம். ஆனால் கோபம் நிஜம். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்காததும் நிஜம்.

"இந்த வயதில் உனக்கு வீடியோ கேமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கணவர் மாரிமுத்துவைத் தெரியும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போகும் லாரியை வருடக்கணக்கில் ஓட்டியவர். போன வருடம் அவருக்கு ஒரு ஸ்ட்ரோக் வந்தது. லேசானது என்றார்கள். டாக்டருக்கு அது லேசானதாக இருக்கலாம், எங்களுக்கு இல்லை. பேச்சு திரும்பியது. நடை திரும்பியது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் உள்பக்கமாக மடங்கியே இருந்தன. அதிலும் அந்தச் சுட்டுவிரல் — நீளவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

நம்மவர்களுக்கு வலது கை எதற்கு? கையெழுத்துக்கா, ஸ்டியரிங்குக்கா? அதெல்லாம் அப்புறம். முதலில் சோற்றுக்கு.

இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடத் தொடங்கினார். அதுவும் எப்படி? சமையலறையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து. நான் உள்ளே போனால் ஸ்பூனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பது போல் பாவனை செய்வார். முப்பது வருடத்துக்கு மேல் நான் பரிமாறிய மனிதர், என் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டார். அதைவிட எனக்கு வேறு எதுவும் வலித்ததில்லை.

உறவினர் வீட்டுக்குப் போனால் "பசியில்ல" என்பார். கோயிலில் அன்னதானம் என்றால் காருக்குள் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் போவதையே நிறுத்திவிட்டார்.

அந்த நேரத்தில்தான் லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து என் தங்கை கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம். கோயில் மண்டபத்தில் காலை முகூர்த்தம், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு. அவள் போனதும் இவர் சொன்னார்.

"நீ போய்ட்டு வா வசந்தா. நான் வீட்டப் பாத்துக்கறேன்."

"வீடு எங்க ஓடிப் போவுது?"

"சொன்னா கேளு லா."

பெரியப்பா இல்லாமல் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமா? நான் மேலே பேசவில்லை. பேசினால் அந்த ஸ்பூனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

கை சரியாக வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார். நல்ல மலாய்ப் பெண். "ஹாரி-ஹாரி புவாட் லா, அங்கிள்" என்பார். தினம் தினம் செய்யுங்கள் என்று அர்த்தம். இவர் ஒரு வாரம் பிசைந்தார். பிறகு பந்து டிவிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் போய்ப் படுத்துக்கொண்டது. கேட்டால்,

"பந்தப் பெசஞ்சா என்னா கெடைக்கும்?"

நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை.

பதில் மகளிடம் இருந்தது. கவிதா ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறாள். வேலை கிடைத்துப் போனபோது அவளுடைய விளையாட்டுப் பெட்டியை இங்கேயே விட்டுவிட்டாள். லீவில் வந்தவள் அதைத் தூசி தட்டி, ஒரு கன்ட்ரோலரை அப்பா கையில் திணித்தாள், இன்னொன்றை என் கையில். "சும்மா அமுக்கிப் பாருங்கப்பா, ஒண்ணும் உடையாது" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

விளையாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், விளம்பரம் என்பீர்கள். கதை இதுதான். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறோம். கையில் ஒன்றும் கிடையாது. குச்சி பொறுக்க வேண்டும், நார் உரிக்க வேண்டும், கல் உடைக்க வேண்டும். அதை வைத்துக் கோடாலி. கோடாலியை வைத்து மரம். மரத்தை வைத்து வீடு. திரை இரண்டாகப் பிரிந்து ஒரு பாதியில் அவர் நடப்பார், மறு பாதியில் நான்.

அங்கே எனக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? சமையல். காளான் பறித்து சூப் வைப்பது, ஆடு வளர்ப்பது, கரும்பு நட்டுச் சீனி காய்ச்சுவது. விறகு பொறுக்கி அடுப்பு மூட்டுவதற்கு நான் தீவுக்கு வேறு போக வேண்டுமா?

குச்சியும் நாரும் காலடியிலேயே கிடைக்கும். கிடைக்காதது நீலக்கல். தீவை விட்டுப் போகப் படகு கட்ட வேண்டும். படகுக்கு ஆணி வேண்டும், நங்கூரம் வேண்டும். இரண்டுக்கும் நீலக்கல் வேண்டும். அது மலை மேல், பனிக்குள், அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டால் மட்டும் போதுமா? வலது சுட்டுவிரலுக்குக் கீழே ஒரு பட்டன். அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் பிக்காசு கல்லை வெட்டும். நடுவில் விரல் நழுவினால் அதுவரை வெட்டியது அத்தனையும் வீண். மறுபடி முதலிலிருந்து. அப்படி வெட்டி முடித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு துண்டு. படகுக்கு ஒரு குவியல் வேண்டும்.

இடது கையால் அழுத்தலாம் என்று பார்த்தார். இடது கட்டைவிரல்தான் ஆளை நடக்க வைக்கிறது. அதை எடுத்தால் ஓநாய் வந்து கடிக்கிறது. வேறு வழியில்லை. மடங்கிக் கிடந்த அந்தச் சுட்டுவிரலைப் பட்டன் மேல் தூக்கி வைத்தார். நழுவியது. வைத்தார். நழுவியது.

"இந்த கேம செஞ்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

திட்டிக்கொண்டே மறுபடி வைத்தார். பந்தை அலமாரியில் போட்ட அதே மனிதர்தான். இங்கே அழுத்தினால் ஒரு கல் கிடைக்கிறதே!

கல் தேடுவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. நான் என்றால் மலையில் கண் போன பக்கமெல்லாம் ஓடுவேன். அவர் மலையையே நிரை நிரையாகப் பிரித்துக்கொண்டார். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்கள் தங்கள் நிரையை ஒரு மரம் விடாமல் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். அதே மாதிரி ஒரு நிரை மேலே ஏறுவது, அடுத்த நிரை கீழே இறங்குவது.

"அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு ஓடுனா ஒண்ணும் ஆவாது. நெரை புடிச்சுப் போவணும்."

சாயங்காலத் தேத்தண்ணிக்கு அப்புறம் தொடங்கினால் சாமி விளக்கு ஏற்றும் நேரம் வரைக்கும் மலைதான். ஒரு நாள், விரல் நழுவவில்லை. கல் உடைந்தது. "கெடைச்சிருச்சு" என்றார், ரொம்ப மெதுவாக. நான் வெங்காயம் அரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டேன். அன்றைக்குச் சமையலில் வெங்காயமே கிடையாது.

அடுத்த முறை பிசியோவுக்குப் போனபோது அந்தப் பெண் அவருடைய விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் என்ன செய்கிறீர்கள் அங்கிள் என்று மலாயில் கேட்டார். "போலா" என்றார் இவர். பந்தாம். கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

இப்போது வருவது மூசாங். கவிதாவின் அந்தத் தீவு இணையத்தில் இருப்பது. வேறு ஆட்களும் வந்து போவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வீடு கட்டியிருந்தார். தலைக்கு மேலே 'மூசாங்' என்று பெயர் மிதக்கும். மலாயில் மரநாய். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்கள் ஆள் ஒரே கல் முன்னால் மணிக்கணக்கில் நின்று மல்லுக்கட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார் போல.

ஒரு நாள் இவர் குளிக்கப் போயிருந்தபோது நான் மட்டும் தீவைத் திறந்தேன். வாசலில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நீலக்கல். நாங்கள் அதுவரை வெட்டியதைவிட அதிகம். சும்மா கொடுத்திருக்கிறார், முன்பின் தெரியாத ஒருவர்.

முதலில் சந்தோஷம். அடுத்த நிமிடம் யோசனை வந்தது. இதை இவரிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? படகு சீக்கிரம் முடிந்துவிடும். படகு முடிந்தால் மலை முடிந்தது. மலை முடிந்தால் விரல்? கன்ட்ரோலரும் அலமாரிக்குப் போய்ப் பந்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். கல்யாணம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் கல்லையெல்லாம் அள்ளி ஆட்டுக் கொட்டகையில் போட்டேன். அவர் அந்தப் பக்கமே வர மாட்டார். ஆடு என் இலாகா.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெட்டி காலியாக இருந்ததே... தீபாவளிக்குப் பலகாரம் வந்த தட்டை நாம் வெறுமனே திருப்பிக் கொடுப்போமா? பக்கத்து வீட்டு மலாய் அக்கா கக் ரோஸ்னா பெருநாளுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினால், அந்த டப்பாவைக் கழுவித் துடைத்து, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தானே கொடுக்கிறோம்? கை தன்னால் அதைச் செய்துவிட்டது. நான் காய்ச்சிய சீனியைப் பெட்டி நிறைய நிரப்பி மூசாங் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மலைக்கு அந்தப் பக்கம் கரும்பு முளைக்காது என்பது எனக்குத் தெரியாது. சீனி தரும் தெம்பு இல்லாமல் பனியில் நடக்க முடியாது என்பதும் தெரியாது. நான் செய்தது மரியாதை. மூசாங் அதை வியாபாரம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் வாசலில் பெட்டி, முன்பைவிட அதிகக் கல்லோடு. அவர் குளிக்கும் நேரம் பார்த்துக் கல்லை ஒளித்தேன். பெட்டியை வெறுமனே அனுப்ப மனம் வருமா? சீனி போட்டேன். மறுநாள் இன்னும் கல். இங்கே என் ஆள் ஒரு துண்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, கொட்டகையில் கல் மலை போல் ஏறிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஆட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை, தீவில் கொட்டும் மழைக்கு நடுவில், ஆடுகள் எல்லாம் கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றன.

"ஏன் ஆடு வெளிய நிக்குது?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

"இது என்னா?"

"கல்லு."

"கல்லுன்னு தெரியுது லா. யாரு வெட்டுனது?"

சொன்னேன். மூசாங், பெட்டி, சீனி, எல்லாவற்றையும். அவர் சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

"நான் அங்க ஒரு கல்லுக்கு நாக்குத் தள்ளிக்கிட்டுக் கெடக்குறேன். நீ இங்க குமிச்சு வச்சிக்கிட்டு வேடிக்க பாத்தியா? என்னைய என்னான்னு நெனச்ச நீ?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூக்குக்கு நேராக, குச்சி மாதிரி, நீண்டு நின்றது வலது சுட்டுவிரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அழுகையும் வந்தது. அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். அதுதான் நான் முதலில் சொன்ன மௌனம்.

சாயங்காலம் தேத்தண்ணியோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க... என்னைத் திட்டுனப்ப எந்தக் கைய நீட்டுனீங்க?"

குனிந்து இடது கையைப் பார்த்தார். பிறகு வலது கையை.

"சும்மா சொல்லாத."

"சத்தியமா. என் மூக்குக்கு நேரா நீட்டுனீங்க. கல்ல அன்னிக்கே குடுத்திருந்தா நீங்க வெரல எடுத்திருப்பீங்க. அதுக்காகத்தான் ஒளிச்சேன்."

விரலை மெல்ல நீட்டினார். நீண்டது. மடக்கினார். மறுபடி நீட்டினார். அந்த விரலாலேயே கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற போடு" என்றார்.

கோபமும் ஆறிவிட்டது.

மிச்சம் இருந்தது அந்தக் கல் மலை. திருப்பிக் கொடுத்துவிடு என்றார் இவர். ஆசையாகக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கொடுத்தவர் மனது என்ன ஆகும் என்றேன் நான். கடைசியில் மூசாங்குக்கு மலாயில் ஒரு செய்தி அனுப்பினேன். என் கணவருக்குக் கை சரியில்லை. அவரே வெட்டினால்தான் கை சரியாகும். கல்லுக்கு ரொம்ப நன்றி, இனி வேண்டாம். சீனி மட்டும் எப்போதும் போல வரும், அது விலை இல்லை.

பதில் உடனே வந்தது: "ஃபஹாம், மாக்சிக்." புரிகிறது, அத்தை. நான் பெண் என்றோ வயதானவள் என்றோ எழுதவே இல்லை. பெட்டியில் சீனி போட்டுத் திருப்பித் தருகிறவள் வேறு யாராக இருப்பாள் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் வாசலில் பெட்டி இருந்தது. உள்ளே கல் இல்லை. ஒரு பிக்காசு. அந்தத் தீவிலேயே உறுதியானது, ஆனால் விரலை எடுக்காமல் அழுத்தினால்தான் அதுவும் வெட்டும். இவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெவரமான ஆளு" என்றார்.

மூசாங் கொடுத்த கல்லை நாங்கள் தொடவில்லை. ஆடுகளுக்கு வேறு கொட்டகை கட்டிக் கொடுத்தோம். சொந்தமாக வெட்டிய கல்லில் படகு முடிந்து, பெரிய நிலத்துக்குப் போய் இறங்கினோம். அங்கே போனால் பச்சைக்கல் வேண்டுமாம். நீலக்கல்லைவிட அதற்கு இரண்டு பங்கு நேரம் அழுத்த வேண்டுமாம். இவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

வீடியோ கேம் மருந்து என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிடாதீர்கள். மாத்திரை, பிசியோ எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. பந்துகூட அலமாரியை விட்டு வெளியே வந்துவிட்டது. ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். கொடுத்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிடுகிறோம். டாக்டருக்கு, பிசியோவுக்கு, மகளுக்கு, மூசாங்குக்கு. சுலபத்தில் கொடுக்காதவருக்கு யார் நன்றி சொல்வது? எந்த ஊரிலோ ஒருவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'விரலை எடுத்தால் முதலிலிருந்து' என்று ஒரு விதி எழுதினாரே... அவர் மட்டும் இரக்கப்பட்டுக் கல்லை அள்ளிக் கொடுத்திருந்தால் என் வீட்டுக்காரரின் விரல் இன்றைக்கும் மடங்கியே கிடந்திருக்கும். அவர் பெயர் தெரியாது. என் சாமி விளக்கில் ஒரு திரி அவருக்கும் சேர்த்துத்தான் எரிகிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. காலையில் இவராகவே வேட்டி எடுத்து வைத்தார். நான் கைப்பைக்குள் ஒரு ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம், சோறு வந்தது, சாம்பார் வந்தது. அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கைப்பையைத் திறக்கலாமா என்று இருந்தது. அதற்குள் வலது கை மேலே வந்து சோற்றுக்குள் இறங்கியது. பிசைந்தார். முதல் கவளத்தில் பாதி இலையிலேயே விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் விழுந்தது. மூன்றாவது முழுதாக வாய்க்குப் போனது. எதிர்ப் பக்கம் பரிமாறிக்கொண்டிருந்த என் தங்கை வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரசம், மோர், பாயசம் எல்லாம் வந்துபோயின. வரிசையில் எல்லோரும் இலையை மடித்து எழுந்துவிட்டார்கள். நம் கல்யாணங்களில்தான் தெரியுமே, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நின்றுவிடுவார்கள். இவர் இன்னும் சாம்பார் சோற்றிலேயே இருந்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு கவளமாக. நான் என் இலையை மடிக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற ஒரு பெண், கைக்குழந்தையோடு, மரியாதையாகக் குனிந்து கேட்டாள்.

"ஆண்ட்டி, அங்கிள் சாப்பிட்டு முடிச்சிட்டாரா?"

"இல்லம்மா. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு."